மாத்திரையை மீறி வரும் மினி ஸ்ட்ரோக்

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் எல்லா மூலையிலும் இருக்கிறார்கள். விராலிமலைப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவரும் உண்டு, ஜெகதாப்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவரும் உண்டு. இவர்கள் வீடுகளில் பொதுவாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது: ‘அதான் மாத்திரை போடுறாரே, பக்கவாதம் எப்படி வரும்?’

இந்த நம்பிக்கையால்தான் ஆபத்து நுழைகிறது. ஒரு நாள் காலையில் வலது கை மரத்துப்போகிறது, காபி டம்ளர் நழுவுகிறது, பேச்சு குழறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ‘வாயுப் பிடிப்பு’, ‘பித்த மயக்கம்’, ‘வெயில் தாங்கலை’ என்று ஏதோ ஒரு பெயர் வைத்து, சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போவதில்லை.

மாத்திரை சாப்பிட்டும் இது ஏன் வருகிறது? வந்தால் என்ன செய்ய வேண்டும்? நம் மாவட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை? இந்த மூன்று கேள்விகளையும் மருத்துவ ஆய்வுகள் இதுவரை கண்டறிந்தவற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்து நிமிடத்தில் நடப்பது

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றைச் சிறு ரத்தக்கட்டி அடைக்கிறது. அந்தப் பகுதி வேலையை நிறுத்துகிறது. கட்டி தானாகக் கரைந்தோ நகர்ந்தோ போனால் ரத்தம் மறுபடி பாய்கிறது. கை எழும்புகிறது, பேச்சு திரும்புகிறது. இதைத்தான் மருத்துவர்கள் டிஐஏ என்றும் மக்கள் மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போலப் பார்வை மறைந்து திரும்புவதும் இதில் ஒரு வகை. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கும் இத்தகைய கண் மறைப்புக்கும் உள்ள தொடர்பை 1951இல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் கனடாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர்.

முன்பு 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால் அது மினி ஸ்ட்ரோக் என்று கணக்கிட்டார்கள். எம்ஆர்ஐ வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. அரை மணி நேரத்தில் சரியானவர்களில் சிலருக்கும் மூளைத் திசு நிரந்தரமாகச் சேதமடைந்திருப்பது படத்தில் தெரிந்தது. அதனால் 2009இல் அமெரிக்க இதய சங்கம் நேரத்தை விட்டுவிட்டுத் திசுச் சேதத்தை அளவுகோலாக்கியது. ஆளுக்குச் சரியாகிவிட்டது என்பதால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்து வரப்போவதுதான் இன்னும் முக்கியம். உடனடி சிகிச்சை பழக்கத்துக்கு வராத காலத்தில், மினி ஸ்ட்ரோக் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 90 நாளுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு நாளிலேயே வந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளை அன்றைக்கே பார்த்து அன்றைக்கே மருந்து தொடங்கியபோது அந்தப் பத்து இரண்டாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல், இருக்கிற மருந்தை உடனே கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

இரண்டு வகை மாத்திரைகள்

‘ரத்தம் நீர்க்கிற மாத்திரை’ என்று நாம் ஒரே பெயரில் சொல்பவை உண்மையில் இரண்டு வகை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் சாப்பிடுவது இவற்றை. வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பெயரில் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் அசினோகூமரால், புதிதாக வந்த டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை ரத்தம் உறைவதற்கான புரதங்களின் வேலையைக் குறைப்பவை. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் இவைதான் வேண்டும்.

காரணம் எளிது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் விரல் போல நீண்டிருக்கும் சிறு பையில், வரத்தும் போக்கும் நின்ற கண்மாய்த் தண்ணீர் போல ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி பெயர்ந்தால் நேராக மூளைக்குப் போக வழி இருக்கிறது. இப்படித் தேங்கி உறைவதைத் தடுப்பதில் ஆஸ்பிரின் பலவீனமானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த மதிப்பீட்டின்படி, இந்த நோயில் வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய 64 விழுக்காடு குறைத்தது. ஆஸ்பிரின் சுமார் 20 விழுக்காடுதான். ‘ஏதோ ஒரு ரத்த மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற நிம்மதி போதாது. தன் நோய்க்கு எது உரியதோ அதைத்தான் சாப்பிடுகிறோமா என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வார்ஃபரினின் கதை மாட்டுத் தீவனத்தில் தொடங்கியது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் கெட்டுப்போன இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் தலைமையிலான குழு அந்த வைக்கோலிலிருந்து ரத்தம் உறைவதைக் கெடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும் 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். அதே ஐசனோவருக்கு 1957 நவம்பரில் திடீரென்று பேச்சு குழறியது. சொல்ல நினைத்த சொல் வாயில் வரவில்லை. மூளையின் சிறு ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதே காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சில நாளில் தேறி அலுவலுக்குத் திரும்பினார். உலகின் சிறந்த மருத்துவம் கையெட்டும் தூரத்தில் இருந்த ஓர் இதய நோயாளிக்கும் இது நேர்ந்தது.

மருந்தை மீறி ஏன் வருகிறது?

எந்த மருந்தும் அபாயத்தைக் குறைக்குமே தவிர, அடியோடு ஒழிக்காது. 2009இல் வெளியான ரீ-லை ஆய்வில் 44 நாடுகளைச் சேர்ந்த 18,113 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் இருந்தார்கள். வார்ஃபரினை ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்தபோதும் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.69 பேருக்குப் பக்கவாதமோ உடலின் வேறு ரத்தக்குழாயில் அடைப்போ வந்தது. அதிக அளவு டாபிகாட்ரான் எடுத்தவர்களில் இது 1.11. மருந்தே இல்லாமல் விட்டால், பழைய ஆய்வுகளின்படி, பக்கவாதம் மட்டுமே ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு வரும். ஆக, மருந்து பெரும்பாலானவர்களைக் காப்பாற்றுகிறது; ஒரு சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

மாத்திரை சாப்பிட்டும் பக்கவாதம் வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளின் பதிவுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தின் அளவோ சாப்பிட்ட முறையோ போதாமல் இருந்தது. நான்கில் ஒரு பங்கினருக்குக் காரணம் இதயத்தில் இல்லை. கழுத்து ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவு, மூளையின் நுண்குழாய் நோய் போன்றவை. மீதிப் பேருக்கு மருந்து சரியாக இருந்தும் இதயத்திலிருந்தே கட்டி போயிருந்தது. இந்த மூன்று கூறுகளையும் நம் ஊர் நிலைமையோடு வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மருந்து போதாமை. வார்ஃபரினும் அசிட்ரோமும் எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. உடலின் மரபணு, உணவு, மற்ற மருந்துகள், கல்லீரலின் நிலை எல்லாம் அவற்றின் வேலையை மாற்றும். அதனால்தான் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில். 2க்குக் கீழே போனால் கட்டி உண்டாகும் அபாயம். 4க்கு மேலே போனால் ரத்தக்கசிவு அபாயம் ஏறிக்கொண்டே போகும்.

வால்வு நோயாளி ஒருவரின் ஐஎன்ஆர் நோட்டைப் புரட்டினால் இந்தக் கதை முழுவதும் தெரியும். தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு என்று மூன்று பத்தி. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்கள் வாரத்துக்கு ஒரு வரி, பிறகு மாதத்துக்கு ஒரு வரி. அப்புறம் நடவு, அறுவடை, பிள்ளையின் கல்யாணம் என்று இடைவெளி விழும். ஐந்தாறு மாதம் எழுத்தே இருக்காது. அந்த வெற்றிடத்துக்குப் பிறகு வரும் எண் பெரும்பாலும் 1.3, 1.4 என்றிருக்கும், இல்லையென்றால் 6. அந்த வெற்றிடத்தில்தான் மினி ஸ்ட்ரோக் வருகிறது.

அளவைக் குலைக்கும் காரணங்கள் நம் சமையலறையிலும் மருந்துக்கடையிலுமே இருக்கின்றன. முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே உண்டு. அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விடச் சொல்வது தவறு. ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்து அடுத்த வாரம் தினமும் சாப்பிடுவதுதான் சிக்கல்; வாரா வாரம் ஒரே மாதிரி சாப்பிட்டால் போதும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஐஎன்ஆரை வேகமாகக் கீழே தள்ளும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் மெட்ரோனிடசோல் அதை மேலே ஏற்றும். மூட்டு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக்கசிவைத் தூண்டும்.

புது மருந்துகளுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அவை உடம்பில் தங்குவது ஏறக்குறைய ஒரு நாள்தான். ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் அளவு குறையும். விரத நாளில் வெறும் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பல் பிடுங்கவோ சிறு அறுவைக்கோ மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லாமல் விட்டதாலும் மினி ஸ்ட்ரோக் வருவதுண்டு. நிறுத்துவதென்றாலும் தொடங்குவதென்றாலும் இதய மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

இரண்டாவது, காரணம் வேறு இடத்தில் இருப்பது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, கொழுப்பு ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு ரத்த மாத்திரையை மட்டும் விழுங்கினால் கழுத்துக் குழாயும் மூளையின் நுண்குழாய்களும் கெட்டுக்கொண்டே போகும். பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடம் ரத்தக்கொதிப்புக்குத்தான்.

மூன்றாவது, மருந்து சரியாக இருந்தும் கட்டி வருவது. அப்போது எக்கோ எடுத்து வால்வில் கட்டியோ நோய்த்தொற்றோ இருக்கிறதா என்று தேட வேண்டும். மறைந்திருக்கும் புற்றுநோயும் சிலருக்குக் காரணமாக இருக்கும். இந்த நிலையில் கூடுதலாக ஆஸ்பிரினைச் சேர்த்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அப்படிச் சேர்ப்பதால் அடுத்த பக்கவாதம் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது.

நமக்கே உரிய ஒரு சிக்கல்

மேலைநாட்டு ஆய்வுகளில் ரத்த மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி என்றால் எழுபது வயதைக் கடந்தவர். நம் நாட்டில் அப்படியில்லை. சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்குகிறது. முப்பதிலும் நாற்பதிலுமே மாத்திரை தொடங்கிவிடுகிறது. இத்தகைய நோயாளிகளை 24 நாடுகளில் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. இந்தியாவும் அதில் உண்டு. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது ஐம்பது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வை, கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். அதன் முடிவு 2013இல் வந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்து, வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏழைகளுக்கும் எட்டச் செய்தது. ஆனால் வால்வு மலிவாகக் கிடைத்தாலும் அதற்கான மாத்திரையும் ஐஎன்ஆரும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். ஊசி, ஐஎன்ஆர் எதுவும் வேண்டாம் என்று யாராவது உலோக வால்வுக்காரருக்குப் புது மாத்திரையைப் பரிந்துரைத்தால், இதய மருத்துவரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது.

கட்டியா, கசிவா?

ரத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கை கால் மரத்தால், அதற்குக் காரணம் கட்டியாகவும் இருக்கலாம், மூளைக்குள் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். தலையில் லேசாக அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளை உறைக்கடியில் ரத்தம் தேங்கினாலும் அறிகுறி வந்து வந்து போகும். வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரிக்க எந்த மருத்துவராலும் முடியாது. சிடி ஸ்கேன்தான் சொல்லும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே தோற்றம் வரும். அதை விரல் நுனி ரத்தத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு நல்ல திட்டத்தைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. மாரடைப்பில் இது உயிர் காக்கும். ஆனால் வாய் கோணியவருக்கு வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ ‘அதே மாத்திரையை’ வாங்கிக் கொடுத்தால், உள்ளே கசிவாக இருக்கும்போது அது உயிரைப் பறிக்கும். ஸ்கேனுக்கு முன் புதிதாக ஒரு மாத்திரையும் கூடாது. பயந்துபோய், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதும் கூடாது.

கட்டி என்று தெரிந்து, அறிகுறி நீடித்தால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழி உண்டு. ஆனால் ஐஎன்ஆர் 1.7க்கு மேல் இருந்தாலோ புது மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலோ பொதுவாக அதைப் போடமாட்டார்கள். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கம்பி வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்பலாம். கசிவு என்றால் வைட்டமின் கே, ரத்தம் உறைய உதவும் புரதங்கள் ஆகியவற்றைக் கொடுத்து மருந்தின் வேலையை முறிக்க வேண்டும். எந்த வழி என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார்.

மாவட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

புதுக்கோட்டைக்கு 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றாலே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ ஓட வேண்டியிருந்தது. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதவை இவை.

குறை எங்கே என்றால், ஐஎன்ஆரில். மணமேல்குடியிலோ பொன்னமராவதியிலோ இருக்கும் ஒரு வால்வு நோயாளி, இதய மருத்துவரைப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ள ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அதனால்தான் நோட்டில் வெற்றிடம் விழுகிறது. சர்க்கரை பார்ப்பது போல விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் ஐஎன்ஆர் சொல்லும் கையடக்கக் கருவி உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு கருவி, மாதத்தில் ஒரு நாள், அளவைத் திருத்திச் சொல்ல மருத்துவக் கல்லூரி மருத்துவர் ஒருவர் தொலைபேசியில்: இவ்வளவுதான் தேவை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. மக்களைத் தேடி மருத்துவத்தின் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை.

ரத்த மாத்திரை சாப்பிடும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியவை இவை. முகம் ஒருபக்கம் இழுத்தாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று பார்வை மறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, அது இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் ஐஎன்ஆர் நோட்டையும் கையில் எடுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவுவது, புறா ரத்தம் பூசுவது, மந்திரிப்பது எதற்கும் அந்த நேரத்தைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்குப் போனாலும் ‘ரத்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று முதலில் சொல்லுங்கள். இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்டச் செய்யும், டெங்குவில் தட்டணு குறைந்தால் மாத்திரையை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

மாத்திரை சாப்பிட்டும் வந்த மினி ஸ்ட்ரோக், அளவு தவறியதையோ வேறு நோய் இருப்பதையோ மருந்து சரியாக இருந்தும் கட்டி வருவதையோ காட்டும் எச்சரிக்கை. அதற்கான காரணத்தை அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்தால் முழுப் பக்கவாதத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம். ‘சரியாப் போச்சே’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.